கடைசியாக அசைந்தது மேலே வரும்

கேள்விப் பக்கத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, சென்ற வருடம் அந்த நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குப் போன எஸ்தர் எழுதுவது. எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று உங்களுக்கு வகுப்பு எடுத்திருப்பார்கள். அதை நான் தொடப்போவதில்லை. கடைசி நாள் வரைக்கும் எனக்கே அது ஒழுங்காக வரவில்லை என்பது அந்தத் தளத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு வரியைப் பற்றி. பட்டியலின் முதல் வரி.

நம்முடைய ஆப் கடற்கரை ஜனங்களுக்கானது. காற்று, அலை, மீன் விலை, இஞ்சின் கோளாறு என்று யாரும் எதையும் கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் போடுவார்கள், நாம் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். ஆயிரம் கேள்வி கிடக்கும். எது மேலே நிற்கும்? எதில் கடைசியாக ஒரு கை பட்டதோ அது. போன வருடம் கேட்ட கேள்வியாக இருக்கட்டும், இன்றைக்கு யாரோ வந்து ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனால் போதும், விறுவிறுவென்று மேலே ஏறிவிடும். பக்கத்தில் ‘சற்று முன்’ என்று பொடி எழுத்தில் காட்டும். யாரும் தொடாத கேள்வி கீழே போய்க்கொண்டே இருக்கும். அடியில் இன்னும் என்னென்ன கிடக்கிறதோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் கருங்குழி. அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டு என்னைப் படிக்க வைத்தார்கள். வாக்கப்பட்டது மாமல்லபுரத்தில். நடுவயது தாண்டித்தான் சிறுசேரியில் இந்த வேலை கிடைத்தது. எனக்கு லீடாக இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது. திருக்கழுக்குன்றத்துப் பெண். அவள் பேரை எழுதக் கூடாது என்று அவளே கட்டளை போட்டிருக்கிறாள், அதனால் லீடு என்றே வைத்துக்கொள்வோம். நான் சேர்ந்த அன்று, ஆர்வமாக முதல் வரியைத் திறந்து பதில் எழுத ஆரம்பித்தேன். அவள் வந்து என் பின்னால் நின்றாள்.

“அக்கா, மேல இருக்கறதுக்கு ஊரே பதில் சொல்லும். நீங்க கடைசிப் பக்கத்துக்குப் போங்க.”

போனேன். அங்கே ஒரு பெரியவர், கண் மங்கலாக இருக்கிறது, எழுத்தைப் பெரிதாக்க முடியுமா என்று கேட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார். ‘எனக்கும் இதே பிரச்சினை’ என்று சொல்லக்கூட அவருக்கு ஆள் இல்லை. கண் மங்கலானவர்கள் எழுத வர மாட்டார்கள் அல்லவா. அன்றிலிருந்து நான் காலையில் பட்டியலைக் கீழிருந்துதான் திறந்தேன். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் என்னிடமிருந்து இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டாம்.

இப்போது சேகர் கதைக்கு வருகிறேன்.

சேகர் எங்கள் ஷட்டில் வண்டி டிரைவர். மாமல்லபுரத்தில் என்னை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் வருவான். கோவளத்தில் திரும்பியிருக்க வேண்டிய வண்டி, முட்டுக்காட்டில் ஒருத்தியை ஏற்றுவதற்காக அதுவரை போய்த் திரும்பும். நான் பகல் கனவுக்காரி. வண்டியில் உட்கார்ந்ததும் பாதித் தூக்கம் வந்துவிடும். முட்டுக்காட்டுக் கழிவெளியில் தண்ணீர் அதிகம் அசையாமல் கிடக்கும், நாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும், படகுகள் முனகிக்கொண்டே ஆடும். அந்த அரைத் தூக்கத்தில் எனக்குக் கேள்விப் பட்டியல் கண்ணுக்குள் ஓடும். வரிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும், இறங்கும். எந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க வரும்போது சேகர் குரல் கொடுப்பான்.

“மேடம், முட்டுக்காடு வந்துட்ச்சு. கனாவ ஓரங்கட்டுங்க.”

சாயங்காலம் திரும்பும்போது தினமும் ஒரு போன் வரும். அவன் மனைவி கலா. சேகர் ஓட்டிக்கொண்டிருப்பதால் ஸ்பீக்கரில் போடுவான். ஹலோ கிடையாது, எங்கே வருகிறாய் கிடையாது.

“சோறு ஆறுது.”

“இன்னா கொழம்பு?”

“வந்து பாரு.”

அவ்வளவுதான், வைத்துவிடுவாள். வண்டியே சிரிக்கும். சில நாள் பின் சீட்டுப் பிள்ளைகள் சேகருக்கு முன்னால் முந்திக்கொண்டு “இன்னா கொழம்பு?” என்று கேட்பார்கள், கலா அவர்களையும் சேர்த்து ஒரு திட்டு திட்டுவாள். நான் வீட்டுக்குப் போய் என் கணவரிடம் அதே போல ‘சோறு ஆறுது’ என்று சொல்லிப் பார்த்தேன். அந்த மனிதர் ‘சுட வை’ என்றார். எல்லாருக்கும் வாய்க்காது.

பிறகு சேகர் வண்டியை விட்டுவிட்டான். மாமனார் வீட்டுப் பக்கம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், மச்சானோடு சேர்ந்து ஒரு ஃபைபர் படகில் பங்கு வாங்கினான். சின்ன வயதில் கடலுக்குப் போனவன்தான். ஆனால் ஸ்டியரிங் பிடித்த வருடங்களில் கடல் கொஞ்சம் கை விட்டுப் போயிருந்தது. குப்பத்துப் பெரியவர்கள் வானத்தைப் பார்த்துச் சொல்வதை அவன் நம் ஆப்பைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வான். “எங்க மேடம் ஆபீஸு ஆப்பு” என்று அங்கே பெருமை வேறு.

படகுக்கு அவன் கொண்டுபோகும் போன் பழசு. பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் கட்டியிருப்பான். அதில் நம் ஆப் மட்டும்தான், நெட்டுக்கு மட்டும் காசு போட்டிருந்ததால் பேச்சோ குறுஞ்செய்தியோ வராது. சார்ஜ் நிற்காது என்று அணைத்தே வைத்திருப்பான். எப்போதாவது முடுக்கி, சிக்னல் கிடைத்தால் ஆப்பைத் திறந்து, முகப்பில் வரும் அந்த முதல் வரியைப் பார்த்துவிட்டு மறுபடி அணைத்துவிடுவான். அந்தத் தூரத்தில் அதற்கு மேல் எதுவும் இறங்காது.

ஐப்பசி மழைக்காலம். அன்று காலையில் நான் ஆபீசுக்குள் பையை வைக்கும்போதே கலாவின் போன்.

“மேடம், காத்து ஏறும்னு மைக்குல சொல்லிக்கினு கீறாங்க. ஊர்ல ஒருத்தரும் போவல. இவுரு மட்டும் விடியறதுக்கு முன்னியே போய்ட்டாரு. எங்க அண்ணனுக்கு ஜுரம், தனியா போய்க்கிறாரு.”

“ஏம்மா போனான்?”

“ஒங்க ஆப்புல போலாம்னு போட்டுக்கீதாம். இப்பதான் போட்டாங்கன்னு என்னாண்ட காட்னாரு.”

பட்டியலைத் திறந்தேன். முதல் வரி அதேதான், யாரும் கடலுக்குப் போகாத நாள் என்பதால் அதற்குப் பிறகு வேறு எதிலும் கை படவில்லை. ‘மாமல்லபுரம் பக்கம் இன்னிக்குக் கடலுக்குப் போலாமா?’ கீழே பதில்: ‘தாராளமா போலாம், காத்தே இல்ல.’ பக்கத்தில் பொடி எழுத்தில் நேரம், இன்றைய விடியற்காலை. லீடு என் தோள் மேலாகக் குனிந்து கேள்வியைத் திறந்தாள். கேட்டது போன வருடம் பங்குனியில். பதிலும் அன்றைக்கே வந்தது. கேட்ட மனிதர் பதிலுக்கு நன்றி சொல்ல மறந்திருந்தார். இன்றைக்கு விடியற்காலையில் எழுந்தவருக்கு என்ன ஞாபகம் வந்ததோ, மரியாதையாக ‘நன்றி ஐயா’ என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தார். அந்த நன்றி போன வருடத்துக் கடலை இன்றைய கடலாக ஆக்கி மேலே கொண்டுவந்து வைத்துவிட்டது.

யாரைக் குற்றம் சொல்வீர்கள்? நன்றி சொன்னவரையா?

லீடு முதலில் அந்தக் கேள்வியைப் பூட்டி, பழசு என்று மேலே எழுதினாள். கடலோரக் காவல் ஆட்களுக்குத் தகவல் போயிற்று. வருகிறோம், ஆனால் ஒற்றைப் படகு எந்தப் பக்கம் என்று தெரியாமல் எங்கே தேடுவது என்றார்கள். குப்பத்தில் பிள்ளைகள் படகைத் தள்ளப் போய், பெரியவர்கள் மறித்து உட்கார வைத்திருந்தார்கள். காற்று மதியத்துக்குள் பலமாக ஏறும் என்பதுதான் எச்சரிக்கை. ஏழாம் மாடிக் கண்ணாடியில் பார்த்தால், கழிவெளிக்கு அப்பால் கடல் ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் எங்கேயோ இருப்பவனுக்கு நாம் அனுப்ப முடிந்தது ஒரே ஒரு வரி. அவன் எப்போது போனை முடுக்குவான் என்று தெரியாது. முடுக்குகிற அந்த நொடியில் முதல் வரியில் எது இருக்கிறதோ அதுதான் அவனுக்குப் போகும்.

நான் கலாவின் பேரிலேயே ஒரு கேள்வியைத் திறந்து, ‘சேகர், உடனே திரும்பி வா’ என்று அடித்தேன். போனில் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

“வேணாம் மேடம்.”

“என்னம்மா வேணாம்?”

“கடலுக்குப் போனவர திரும்பி வான்னு பின்னாடி கூப்புட மாட்டேன். எங்க வூட்ல அந்த வழக்கமே இல்ல. அத மட்டும் எழுதாதீங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உயிர் போகிற நேரத்தில் சகுனம் பார்க்கிறாளே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் வயல்காட்டுக்காரி. எனக்குக் கடல் தெரியாது. லீடுதான் என் கையைப் பிடித்து அழுத்தினாள். போனை வாங்கிக் கலாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, நீங்க வழக்கமா அவர எப்படிக் கூப்பிடுவீங்க?”

அந்தப் பக்கம் காற்று இரைந்துகொண்டிருந்தது. அவள் கரையில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“சோறு ஆறுதுன்னு சொல்லுவேன்.”

லீடு என்னைப் பார்த்தாள். நான் எழுதியிருந்ததை அழித்துவிட்டு அதை அடித்தேன். வரி ஏறி முதலில் நின்றது. ‘சோறு ஆறுது.’ பக்கத்தில், சற்று முன்.

நின்றது, ஆனால் நிற்கவில்லை. அதற்குள் விஷயம் கடற்கரை முழுக்கப் பரவிவிட்டது. நம் ஜனம் நல்ல ஜனம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜனம். ‘சேகருக்கு என்ன ஆச்சு?’ ‘எல்லாரும் ஜெபம் பண்ணுங்க.’ ‘கடலம்மா காப்பாத்துவா.’ ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு கேள்வி திறந்து எழுத, சோற்று வரி கண்ணெதிரே கீழே போனது. நாங்கள் ஒரு புள்ளி வைத்து மேலே இழுப்போம். இரண்டு பிரார்த்தனை வந்து அதை மறுபடி அமுக்கும். அன்பிலேயே ஒரு மனுஷனை மூழ்கடித்துவிடுவார்கள் போல இருந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

“மொத்தப் பக்கத்தையும் பூட்டிடுங்க. அந்த ஒரு வரி மட்டும் இருக்கட்டும்.”

சரியான யோசனைதான் என்று உங்களுக்கும் தோன்றும். எல்லோரும் லீடைப் பார்த்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்க சொல்லுங்க.” வயதுக்கு மரியாதை கொடுத்தாளா, கீழிருந்து பட்டியலைத் திறக்கிறவள் என்பதற்காகவா என்று இன்று வரைக்கும் நான் கேட்கவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் வந்த யோசனை இதுதான். கடலில் சேகர் ஒருவன்தானா? எங்கேயாவது இன்னொருவன் ஏதாவது கேட்க வந்தால், கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வான்? அவன் வந்து தட்டியதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

“பூட்ட வேணாம் சார்” என்றேன். “எழுதாதீங்கன்னு கேட்டுப் பாக்கலாம்.”

“கேட்டா கேப்பாங்களா?”

“கேக்கலைன்னா பூட்டிக்கலாம்.”

கேட்பதிலும் ஒரு சிக்கல். தனியாக ஓர் அறிவிப்பு எழுதினால் அதுவே மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் சோற்று வரிக்கு உள்ளேயே, பதில் போல எழுதினேன். ‘இந்த வரியை சேகர் பார்க்க வேண்டும். அவர் போனில் முதல் வரி மட்டும்தான் தெரியும். தயவுசெய்து யாரும் எங்கேயும் எதுவும் எழுதாதீர்கள். கடலில் ஆபத்தில் இருப்பவர்கள் மட்டும் எழுதுங்கள்.’

நாற்காலியில் சாய்ந்தேன். இரண்டு மூன்று பிரார்த்தனைகள் வந்தன. எழுதியவர்களே அவற்றை அழித்தார்கள். அப்புறம் ஒன்றும் வரவில்லை.

அப்படி ஒரு அமைதியை நான் அந்த வேலையில் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. பட்டியல் அசையவே இல்லை. ஓரத்தில் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கோவளம், கல்பாக்கம், பழவேற்காடு, அந்தப் பக்கம் கடலூர் வரைக்கும் ஆட்கள் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சத்தம் போடாமல் உட்கார்ந்துகொண்டது மாதிரி இருந்தது. எங்கள் தளத்திலும் யாரும் பேசவில்லை. ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஷட்டிலில் வரும் அந்த அரைத் தூக்கம் கண்ணைத் திறந்தபடியே வந்தது. கழிவெளித் தண்ணீர், நாரை, ஒரே ஒரு வரி. இந்த முறை அதை வாசிக்க முடிந்தது. யாராவது வந்து முட்டுக்காடு வந்துவிட்டது என்று எழுப்ப மாட்டார்களா என்று இருந்தது.

நடுவில் ஒரு கேள்வி வந்தது. சோற்று வரி இரண்டாவது இடத்துக்குப் போனது. யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. திறந்தால், பழவேற்காட்டுப் பக்கம் ஒருவர். ‘இஞ்சின்ல தண்ணி பூந்துட்ச்சு. கர தெரியுது. மன்னிச்சிக்கோங்க, வேற வழி இல்ல.’ கதவைப் பூட்டாமல் வைத்திருந்தது இவருக்காகத்தான். அவர் கேள்விக்குக் கீழே நாங்கள் பதில் எழுதவில்லை. நம்பரை எடுத்து லீடே போனில் பேசி, அவர் இஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் போனை வைக்கவில்லை. அவர் கரையை நோக்கித் திரும்பியதும் முதல் வேலையாகத் தன் கேள்வியை அழித்தார். சோறு மறுபடி மேலே வந்தது. மேனேஜர் போய் எங்களுக்கெல்லாம் டீ கொண்டுவந்து வைத்தார். யாரும் குடிக்கவில்லை.

கலா போனை வைக்கவே இல்லை. பேசவும் இல்லை. காற்று அவள் போனுக்குள் இரைந்துகொண்டே இருந்தது. முதலில் விசிறுவது போலக் கேட்டது, போகப் போக அடிப்பது போல ஆகிவிட்டது. ஒரே ஒரு முறை கேட்டாள்.

“மேடம், மேலயே கீதா?”

“மேலேயே இருக்கும்மா.”

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கர்த்தாவே, அந்தப் போனை முடுக்கு என்று மட்டும் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே அந்தச் சாம்பல் கோட்டில் வெள்ளை வெள்ளையாக நுரை தெரிய ஆரம்பித்திருந்தது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரி அசைந்தது.

நாங்கள் யாரும் தொடவில்லை. ‘சோறு ஆறுது’ என்பதற்குக் கீழே ஒரு பதில் வந்திருந்தது. லீடு எழுந்து நின்றுவிட்டாள். நான் அதைக் கலாவுக்கு வாசித்தேன்.

“‘இன்னா கொழம்பு?’ன்னு கேக்கறான்மா.”

கலா அழுதாள். வாய்விட்டு, மூக்கை உறிஞ்சி, கரையில் இருந்த பெண்களெல்லாம் என்ன என்ன என்று ஓடிவருகிற மாதிரி அழுதாள். பிறகு சொன்னாள்.

“அடுப்பே பத்த வெக்கல மேடம். இன்னான்னு எழுதறது?”

“வழக்கமா சொல்றதச் சொல்லு.”

‘வந்து பாரு’ என்று அவளே எழுதினாள். வைத்துவிட்டாள்.

அதற்கப்புறமும், படகு கண்ணுக்குத் தெரிகிறது என்று குப்பத்திலிருந்து தகவல் வரும் வரைக்கும், அந்தக் கடற்கரையில் ஒருவர்கூட ஒரு எழுத்து எழுதவில்லை. வந்தது தெரிந்ததும் எழுதினார்கள் பாருங்கள், பக்கமே திணறிப் போயிற்று. பாதிப் பேர் குழம்பு பெயராக எழுதினார்கள். நெத்திலி, காரப்பொடி மீன், வெறும் புளிக்குழம்பு என்று.

பிள்ளைகளே, இப்போது பழைய கேள்வி மேலே வந்தால், அது பிறந்த மாதமும் வருடமும் சிவப்பில் தெரிகிறதல்லவா? அன்றைக்குப் பிறகு வைத்ததுதான் அது. அதைப் பார்த்துப் பழகியதால் இனி நமக்கு ஆபத்தில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மேலே இருப்பது புதிது என்று கண் எப்போதும் ஏமாறும். ‘சற்று முன்’ என்று எழுதியிருந்தால், சற்று முன் நடந்தது என்ன என்று கேளுங்கள். பதிலா, நன்றியா, வெறும் புள்ளியா என்று பாருங்கள். அவசரத்தில் கதவைப் பூட்டுவது சுலபம். பூட்டும் முன்னால் ஒரு முறை ஜனங்களைக் கேட்டுப் பாருங்கள். கேட்டால் கேட்பார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

சேகரை அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். கரையேறியதும் என்ன ஆயிற்று என்று கலாதான் சொன்னாள். நனைந்த துணியோடு நேரே அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தானாம். உலை அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது. குனிந்து பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னானாம்:

“ஆறுதுன்னு சொன்ன, இன்னும் வேவவே இல்லியே.”